காது பத்திரம்! – நம்ம ஊர் வில்லிபுத்தூரார்

எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று ஒரு வரி கண்ணில் படும். நமக்கு அது வெறும் அறிவிப்பு. தமிழ் படித்தவருக்கோ பிபி ஏறும். கிணறு, ஆறு மாதிரி 'று'வில் முடிந்தால்தான் கிணற்றில், ஆற்றில் என்று வரும். சுவர் 'ர்'ல முடியுது, அதனால் 'சுவரில்'தான் சரி. அதே கோபம் 'வாழ்த்துக்கள்' என்று பேனர் வைத்தாலும் வரும், பக்கத்தில் இருக்கும் கடையை 'அருகாமையில்' என்றாலும் வரும். கல்லாமை, இல்லாமை மாதிரி அருகாமையும் எதிர்மறை, அப்போ 'பக்கத்தில் இல்லாதது'ன்னுதானே அர்த்தம் வருது என்பார்கள்.

இப்போதெல்லாம் தப்பா எழுதினா கமெண்டில் நாலு பேர் திட்டுவாங்க, அவ்வளவுதான். சுமார் 600 வருஷத்துக்கு முன்னாடி நம்ம பகுதியில் ஒருத்தர் இருந்தார். அவரிடம் மாட்டினால் காதே போய்விடும் என்று கதை சொல்கிறது. அவர்தான் வில்லிபுத்தூரார்.

பெயரை வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்தது திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர். இன்றைய விழுப்புரம், கடலூர்ப் பக்கம்தான் அந்த நாடு. வைணவக் குடும்பம். அப்பாவுக்குப் பெரியாழ்வார் மேல் பக்தி அதிகம். ஆழ்வாரின் ஊர்ப்பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்.

தமிழிலும் வடமொழியிலும் பெரிய புலமை. அதோடு கொஞ்சம் கர்வமும் இருந்ததாகச் சொல்வார்கள். கையில் ஒரு துறட்டோடு ஊர் ஊராகப் போவாராம். புலவர்களை வாதுக்கு அழைப்பார். தோற்றால், பாட்டில் பிழை இருந்தால், துறட்டைக் காதில் மாட்டி ஒரே இழுப்பு! பிற்காலத்தில் படிக்காசுப் புலவர் ஒரு தனிப்பாடலில் இதைச் சொல்லிப் புலம்புகிறார்: தலையில் குட்டப் பாண்டியன் இல்லை, காதை அறுக்க வில்லி இல்லை, தலையை வெட்ட ஒட்டக்கூத்தன் இல்லை, அதனால் இப்போது யார் வேண்டுமானாலும் புலவர் என்று சுற்றலாம் என்று. 'இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தமிழே வரல' என்ற புலம்பல் ஒன்றும் புதுசு இல்லை, பாருங்க.

ஒருநாள் வில்லியின் துறடு திருவண்ணாமலை அருணகிரிநாதரிடம் வந்தது. அருணகிரியார் பாடிக்கொண்டே போக வேண்டும், வில்லி உடனுக்குடன் பொருள் சொல்ல வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் கந்தர் அந்தாதி என்பது மரபு. 53 பாட்டு வரைக்கும் வில்லி அசரவில்லை. 54ஆம் பாட்டு முழுக்கத் தகர வரிசை எழுத்துகள் மட்டுமே. கேட்டால் மிருதங்கச் சொல் மாதிரி இருக்கும். வில்லி திணறினார், தோற்றார்.

இப்போது அறுபட வேண்டியது வில்லியின் காது. ஆனால் அருணகிரியார் அறுக்கவில்லை. இனி யார் காதையும் அறுக்காதே என்று சொல்லித் துறட்டைக் கீழே போடவைத்தார். இதெல்லாம் வழிவழியாகச் சொல்லி வந்த கதை, கல்வெட்டு ஆதாரம் தேட வேண்டாம். ஆனால் தமிழ்நாடு இதை மறக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், காது அறுத்தவரை விட அறுக்காமல் விட்டவரை நமக்குப் பிடிக்கும் என்பதுதான்.

கதையை விட்டுவிட்டு அவர் செய்த வேலைக்கு வருவோம். வக்கபாகை என்ற ஊரை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் கேட்டதால் மகாபாரதத்தைத் தமிழில் பாடினார். வியாசரின் 18 பருவங்களை 10 பருவங்களாகச் சுருக்கி, 4,300க்கும் மேற்பட்ட விருத்தங்களில் முடித்தார். அதற்குப் பாயிரம் எழுதியது அவர் மகன் வரந்தருவார். ஓசை சும்மா குதிரை ஓட்டம் மாதிரி இருக்கும். வடசொற்களையும் தாராளமாகக் கலந்திருக்கிறார். தனித்தமிழ்க்காரர் ஒருவர் துறட்டோடு வந்திருந்தால் முதலில் வில்லியின் காதுக்குத்தான் ஆபத்து!

அந்தப் பாரதம் பிழைத்தது புலவர் சபையில் மட்டும் இல்லை. செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா பார்த்திருக்கிறீர்களா? பகலில் பிரசங்கியார் வில்லியின் விருத்தத்தைப் பாடி, நம்ம பேச்சுத் தமிழில் அர்த்தம் சொல்லுவார். ராத்திரி அதே கதை தெருக்கூத்தாகும். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் பேச்சில் வில்லி அறுக்கிற மாதிரி ஆயிரம் பிழை இருந்திருக்கும். திந்திரிணி வனத்தைத் 'திண்டிவனம்' ஆக்கிய வாய்கள் அவை. ஆனால் வில்லியின் பாட்டை இன்றுவரை கொண்டுவந்து சேர்த்தது அந்தக் காதுகள்தான்.

அதுக்காகப் பிழையைப் பார்த்தால் சும்மா இருக்கணும்னு சொல்லலை. இங்கிலீஷ் போர்டில் 'ழ' போய் ரெண்டு 'எல்' வந்ததால், வெளியூர் நண்பர்கள் நம்ம விழுப்புரத்தை 'வில்லுபுரம்' என்கிறார்கள். கேட்டா எனக்கும் எரியுது. திருத்துவோம். துறட்டை மட்டும் கீழே வைத்துவிட்டுத் திருத்துவோம். காது இருந்தால்தானே மச்சி அடுத்த தடவை சரியாகக் கேட்பான்!