அகக்கோட்டை கண்ட அம்மையார்

ஸ்பெயின் நாட்டின் காஸ்தில் பகுதியில், உயர்ந்த மேட்டுநிலத்தின்மீது அமைந்துள்ளது அவிலா நகரம். நகரைச் சூழ்ந்து நிற்கும் பெரிய கல்மதில் இன்றும் காண்போரை வியக்க வைக்கிறது. அந்நகரில் பிறந்த ஒரு பெண்மணி, மனிதரின் உள்ளத்தையே ஒரு கோட்டையாகக் கண்டு, அதன் நடுவே குடிகொண்டிருக்கும் இறைவனை அமைதியில் அடையும் வழியை உலகிற்குக் காட்டினார். அவரே அவிலா தெரேசா அம்மையார்.

இளமை

தெரேசா 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அலோன்சோ, பெயாத்ரிஸ் இணையரின் மகளாகப் பிறந்தார். சிறுமியாக இருந்தபோதே, சமயத்திற்காக உயிர்துறக்கும் ஆர்வத்தால் தமையன் ரோத்ரிகோவுடன் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். நகர்ப்புறத்தில் அவர்களைக் கண்ட சிற்றப்பா, வீட்டிற்கு அழைத்து வந்தார். இளம்பருவத்திலேயே தாயை இழந்த தெரேசா, 1535இல் தந்தையின் விருப்பத்தை மீறிக் கார்மேல் சபையின் கன்னியர் மடத்தில் சேர்ந்தார்.

நோயும் நூலும்

துறவு பூண்ட சில ஆண்டுகளில் கடும்நோய் அவரைப் பற்றியது. மருத்துவம் நாடிச் சென்ற வழியில், சிற்றப்பா பேத்ரோ அவருக்கு ஒரு நூலை அளித்தார். பிரான்சிஸ்கோ தே ஓசுனா எழுதிய அந்நூல், சிதறும் எண்ணங்களை உள்முகமாகத் திருப்பி, சொற்களைக் குறைத்து, இறைவன்முன் அமைதியாக அமரும் முறையைக் கற்பித்தது. தெரேசாவுக்கு அந்நூலே ஆசானாயிற்று.

மருத்துவமோ நோயை மிகுவித்தது. 1539இல் நான்கு நாள்கள் நினைவின்றிக் கிடந்தார். இறந்துவிட்டார் என்றெண்ணி மடத்தில் அவருக்குக் கல்லறைக் குழியும் தோண்டினர். உயிர் பிழைத்தபோதிலும், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கைகால் செயலற்றிருந்தார்.

வறண்ட ஆண்டுகள்

உடல் தேறிய பின்னரும் உள்ளம் தேறவில்லை. மடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். செல்வர் வீட்டுப் பெண்களுக்குத் தனியறைகளும் பணிப்பெண்களும் இருந்தனர். ஏழைகள் பொதுக்கூடத்தில் உறங்கினர். பேச்சுக்கூடத்திற்கு விருந்தினர் ஓயாது வந்து சென்றனர். இனிமையாக உரையாடும் தெரேசாவை எல்லாரும் நாடினர். அந்த உரையாடலை விடவும் இயலாமல், செபத்தில் ஒன்றவும் இயலாமல் அவர் தவித்தார். செபநேரத்தில் கடிகார மணியோசையையே செவி எதிர்நோக்கியது. எப்போது அந்நேரம் முடியும் என்று மனம் ஏங்கியது. இடையில் ஓராண்டுக்கு மேலாகத் தியானத்தையே கைவிட்டார். இத்தகைய போராட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது.

1554இல், காயமுற்ற இயேசுவின் திருவுருவம் ஒன்றைக் கண்ட நொடியில் அவர் மனம் உருகினார். தம் முயற்சியை மட்டுமே நம்பியிருந்தவர், அதுமுதல் தம்மை முழுவதுமாக இறைவனிடம் ஒப்படைத்தார்.

நான்கு வகை நீர்

தாம் பட்ட பாட்டைத் தம் வாழ்க்கை வரலாற்றில் ஓர் அழகிய உவமையால் விளக்கினார். உள்ளம் ஒரு தோட்டம். செபம் அதற்குப் பாய்ச்சும் நீர். தொடக்கத்தில் கிணற்றிலிருந்து கையால் நீர் இறைப்பதுபோல் உழைப்பு மிகுதி, பயன் குறைவு. அடுத்த நிலையில், நீரிறைக்கும் சக்கரம் உழைப்பைக் குறைத்து நீரைப் பெருக்குகிறது. மூன்றாம் நிலையில் ஓடைநீர் தானே பாய்கிறது. அதனை நெறிப்படுத்துவதே தோட்டக்காரரின் பணி. இறுதியில் வானிலிருந்து மழை பொழிகிறது. அங்கு மனித உழைப்புக்கு வேலையில்லை. மழையைப் பெய்விப்பது நம் கையில் இல்லை. எனினும் கிணற்றடியை விட்டு நீங்காதிருப்பது நம் கையில் உள்ளது. வறண்ட ஆண்டுகளே அவருக்கு இவ்வுண்மையைக் கற்பித்தன.

சீர்திருத்தமும் எதிர்ப்பும்

மௌன செபத்திற்கு ஏற்ற சிறிய இல்லம் ஒன்றை 1562ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் அவிலாவில் தொடங்கினார். நிலையான வருவாயின்றி, கைத்தொழிலையும் கொடையையும் நம்பி வாழ்வதே அதன் நெறி. காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் தியானத்திற்கு ஒதுக்கப்பட்டன. குலப்பெருமை காட்டும் பட்டங்களுக்கு அங்கு இடமில்லை. தங்கள் ஊருக்கு மற்றுமொரு சுமை வந்ததென நகர மன்றத்தினர் சினந்து, அதனை மூட முயன்றனர். தெரேசா அஞ்சவில்லை.

அக்காலத்தில் பெண்கள் வாய்ச்செபத்தோடு நின்றுவிட வேண்டும் எனப் பலர் கருதினர். மௌன செபம் செய்வோரைச் சமய விசாரணை மன்றம் ஐயத்துடன் நோக்கியது. தாய்மொழியில் அமைந்த பக்தி நூல்கள் பல 1559இல் தடை செய்யப்பட்டன. தெரேசாவின் வாழ்க்கை வரலாறும் 1575இல் அம்மன்றத்தின் கைக்குச் சென்றது. அவர் வாழ்நாளில் அது திரும்பவே இல்லை. சீர்திருத்தத்தில் அவருக்குத் துணைநின்ற சிலுவை யோவான் 1577இல் சிறைப்படுத்தப்பட்டார்.

புயல் சூழ்ந்த அதே 1577ஆம் ஆண்டில்தான் ‘அகக்கோட்டை’ என்னும் நூலை அவர் எழுதினார். பளிங்குக் கோட்டை போன்ற ஆன்மாவில் ஏழு உறைவிடங்கள் உள்ளன. செபமே அதன் வாயில். நடுவறையில் இறைவன் வீற்றிருக்கிறார். அவ்வறையை அடைந்தவர் உலகை மறந்து உறங்குவதில்லை. முன்னினும் மிகுதியாகப் பிறர்க்குத் தொண்டு செய்கிறார் என்பதே அந்நூலின் முடிந்த கருத்து.

நிறைவு

அவர் வாழ்வே அக்கருத்திற்குச் சான்று. நோயுற்ற உடலோடு, மூடுவண்டியிலும் கோவேறு கழுதையிலும் பயணம் செய்து பதினேழு கன்னியர் மடங்களை நிறுவினார். பயணக் களைப்போடு ஆல்பா தே தோர்மெஸ் நகரை அடைந்தவர், 1582ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவு இயற்கை எய்தினார். புதிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்ததால் மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று; அந்நாளே அவர் திருநாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது. 1588இல் அவர் நூல்கள் அச்சேறின. 1622இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1970இல் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் சிறப்பைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே.

ஆரவாரம் மிகுந்த இடத்தில் வாழ்ந்துகொண்டே அமைதியைத் தேடியவர் தெரேசா அம்மையார். மனம் ஒன்றாத நாளிலும் அமர்ந்த இடத்தைவிட்டு எழாத உறுதியே அவரை அந்த அமைதிக்கு அழைத்துச் சென்றது.