பாதியில் நின்ற சட்டப் படிப்பு

1907-ஆம் ஆண்டு பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதிய ஒரு மாணவர் 750 மதிப்பெண்ணுக்கு 282 எடுத்துத் தேறினார். கணக்குப் போட்டால் 37.6 சதவீதம். இன்று தமிழ்நாட்டில் ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பட்டியலின மாணவர் பிளஸ் டூவில் குறைந்தது 40 சதவீதம் வைத்திருக்க வேண்டும். அந்தத் தேர்வும் இந்தத் தேர்வும் ஒன்றல்ல. அந்தக் காலத்தில் மதிப்பெண்ணை இன்று போல அள்ளிக் கொடுக்கவும் மாட்டார்கள். ஆனாலும் அந்த எண்ணைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. நம் மாநிலத்தின் சட்டப் பல்கலைக்கழகமே அந்த மாணவரின் பெயரில்தான் இருக்கிறது.

அண்ணல் அம்பேத்கரை நமக்குச் சிலையாகத் தெரியும். நீலக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, கையில் அரசியல் சாசனம். ஏப்ரல் 14 வந்தால் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துத் தெருக்களிலும் மாலை போடுகிறோம், பாட்டுப் போடுகிறோம். அவர் சட்டம் படித்த கதையை மட்டும் அதிகம் பேசுவதில்லை. ஒரே மூச்சில் முடிந்த படிப்பு அல்ல அது. பணம் இல்லாமல் பாதியில் நின்றது. மூன்று ஆண்டு கழித்து மறுபடியும் தொடங்கியது. பிளஸ் டூ முடித்துவிட்டு கிளாட் தேர்வு எழுதலாமா, இந்த வருஷம் வேலைக்குப் போய்விட்டு அடுத்த வருஷம் பார்க்கலாமா என்று யோசிக்கிற பிள்ளைகளுக்கு அந்த மூன்று ஆண்டுகள் முக்கியம்.

பீமராவ் பிறந்தது 1891 ஏப்ரல் 14 அன்று, மத்திய இந்தியாவில் உள்ள மாவ் ராணுவக் குடியிருப்பில். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். சென்னையில் சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அதே 1891-இல்தான். 1990-இல் அந்தக் கல்லூரிக்கு இவர் பெயரையே வைத்தார்கள்.

பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துண்டில் தனியே உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. இதையெல்லாம் நம் ஊர்களில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில் தனி டம்ளரில் குடித்த தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

பிறகு குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேலில் ஆலைத் தொழிலாளர்கள் வாழும் குடியிருப்பில் ஒரே ஓர் அறை. சமையலும் படுக்கையும் அதற்குள்தான். மகன் சீக்கிரமே தூங்கிவிட, அப்பா இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து எழுப்பிவிடுவார். பிறகு மகன் படிக்க, அப்பா தூங்குவார். புத்தகம் வாங்கக் காசு இல்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களின் வீட்டுக்குப் போய் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தார் ராம்ஜி. ஆங்கிலமும் மொழிபெயர்ப்பும் வீட்டில் அவரே சொல்லிக்கொடுத்தார். சமஸ்கிருதம் படிக்க மகனுக்கு ஆசை. பள்ளியில் விடவில்லை. பாரசீகம் எடுத்துப் படித்தார். அந்த அறையிலிருந்து வந்ததுதான் 282.

கேலுஸ்கர் என்ற ஆசிரியர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அறிமுகப்படுத்த, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 1913 பிப்ரவரியில் அப்பா இறந்தார். அதே ஆண்டு மன்னரின் உதவியுடன் நியூயார்க் போனார். திரும்பி வந்து பத்து ஆண்டு பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தது பொருளாதாரம். சட்டம் அங்கே இல்லை.

சட்டத்தின் வாசலை அவர் மிதித்தது 1916-இல், லண்டனில். பொருளாதார ஆய்வுக்காக லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், பாரிஸ்டர் ஆவதற்காக கிரேஸ் இன் என்ற இடத்திலும் ஒரே நேரத்தில் சேர்ந்தார். லண்டனில் இப்படி நான்கு இன்கள் உண்டு. பாரிஸ்டராக வேண்டும் என்றால் அவற்றில் ஒன்றில் உறுப்பினராக வேண்டும். தேர்வு எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பருவத்திலும் அந்த இன்னின் கூடத்தில் இத்தனை முறை உட்கார்ந்து மற்றவர்களோடு விருந்து சாப்பிட்டிருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பருவம் கணக்கில் சேரும். பள்ளிக்கூடத்துக் குழாயைத் தொட விடாமல் வைத்திருந்தவர்களின் ஊரிலிருந்து போனவருக்கு, எல்லோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதே பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. ரோமானியச் சட்டத்தைவிட எனக்கு இதுதான் பெரிய பாடமாகத் தோன்றுகிறது.

ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, திரும்பி வர வேண்டும் என்று பரோடாவிலிருந்து தகவல் வந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917. கிளம்புவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டார். படிப்பை விட்டுவிட்டு வரவில்லை. நிறுத்திவைத்துவிட்டு வந்தார்.

அவர் ஒரு கப்பலில் வந்தார், புத்தகங்கள் வேறொரு கப்பலில் வந்தன. புத்தகக் கப்பலை எதிரிகள் குண்டு போட்டு மூழ்கடித்தார்கள். பட்டினி கிடந்து சேர்த்த புத்தகங்கள் கடலோடு போயின. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறியபோது ஸ்ரீவைகுண்டத்திலும் சுற்று ஊர்களிலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, பள்ளிப் புத்தகமும் சான்றிதழும் சேறாகிப் போன பிள்ளைகளுக்கு அந்த இழப்பு புரியும்.

பரோடாவில் நடந்ததை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். தங்க இடம் இல்லை. பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலையில் கையில் தடியோடு ஒரு கூட்டம் வாசலில் நின்றது. வெளியே போ என்றது. நகரம் முழுக்க அலைந்தும் யாரும் இடம் தரவில்லை. பூங்கா ஒன்றில் உட்கார்ந்து ராத்திரி ரயிலுக்குக் காத்திருந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு வந்தவர், மரத்தடியில். அலுவலகத்திலும் அதே கதைதான். கோப்புகளைக் கையில் கொடுக்காமல் மேசையில் தூக்கிப் போட்டார்கள் பியூன்கள்.

பம்பாய்க்குத் திரும்பினார். அடுத்த மூன்று ஆண்டுகளைத்தான் நம் பிள்ளைகள் உற்றுப் பார்க்க வேண்டும். மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் எடுத்தார். முதலீடு பற்றி ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆசிரியர்கள் அறையில் இருந்த பொதுப் பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். சாதாரணக் குமாஸ்தாக்கள் அல்ல, பேராசிரியர்கள். சாதியைப் படிப்பு கரைத்துவிடும் என்று இன்றும் சிலர் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு அந்தப் பானைதான் நினைவுக்கு வரும்.

அந்தச் சம்பளத்தில் குடும்பத்தை நடத்திக்கொண்டே லண்டனுக்காகச் சேமித்தார். நிறுத்திவைத்த காலத்தில் சும்மாவும் இருக்கவில்லை. 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் ஒடுக்கப்பட்டோரின் வாக்குரிமைக்காகச் சாட்சியம் சொன்னார். 1920 ஜனவரி 31 அன்று மூக்நாயக் இதழைத் தொடங்கினார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் உதவினார். நவல் பத்தேனா என்ற நண்பர் கடன் கொடுத்தார். அவரும் பார்சிதான். தடியோடு வந்தவர்களையும் கடன் கொடுத்தவரையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

1920-இல் மறுபடியும் லண்டன். கெடுவான நான்கு ஆண்டுக்குள் போய்விட்டார். மனைவி ரமாபாய் பம்பாயில் பிள்ளைகளோடு வறுமையைத் தாங்கிக்கொண்டு நின்றார். அந்த அம்மையாரின் பங்கு இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. லண்டனில் காலையில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது உள்ளே போனால் மூடும்போதுதான் வெளியே வருவார். தங்கியிருந்த வீட்டில் காலையில் ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் மீன் பசை, ஒரு கோப்பை சூப்பு. மதியச் சாப்பாடு பெரும்பாலும் கிடையாது. இரவில் பசி தாங்காதபோது நண்பர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றார். விடிய விடியப் படித்தார்.

1922-இல் கிரேஸ் இன் அவரைப் பாரிஸ்டராக்கியது. பொருளாதார ஆய்வேட்டைத் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். 1923-இல் ஊர் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பி டாக்டர் பட்டம் வாங்கினார்.

பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தொழில் செய்யச் சன்னது எடுக்கக்கூடப் பணமில்லை. மறுபடியும் பத்தேனாதான் கொடுத்தார். சன்னது வந்தது, வழக்குகள் வரவில்லை. உயர்நீதிமன்றத்தில் கட்சிக்காரர்களை அனுப்ப வேண்டிய சொலிசிட்டர்கள் தீண்டப்படாத வக்கீலிடம் அனுப்பத் தயங்கினார்கள். வெளியூர்க் கோர்ட்டுகளில் ஏழைகளின் வழக்குகளை நடத்தினார். வருமானம் போதாமல் 1925 முதல் கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் வணிகச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். சட்டம் படித்தால் மறுநாளே கார் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சட்டப் படிப்பு எதற்கு உதவியது என்பது மகாடில் தெரிந்தது. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கான மக்களோடு போய் மகாட் ஊரின் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். நகராட்சி ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்துவிட்ட குளம்தான் அது. தாக்குதல் நடந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். இதெல்லாம் நமக்குத் தெரிந்த பகுதி. தெரியாத பகுதி கோர்ட்டில் நடந்தது. அந்தக் குளம் தங்களுக்கு மட்டும் பாத்தியப்பட்டது, தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று சாதி இந்துக்கள் அண்ணல் மீதும் மற்றவர்கள் மீதும் சிவில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கினார்கள். டிசம்பரில் மறுபடியும் மக்கள் திரண்டபோது அவர் குளத்தில் இறங்கவில்லை. தடையை மீறாமல் கோர்ட்டிலேயே மோதுவது என்று முடிவெடுத்தார். 1931-இல் கீழ்க் கோர்ட்டில் அந்த வழக்கு தள்ளுபடியானது. எதிர்த் தரப்பு மேல்முறையீடு செய்துகொண்டே போனது. 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் கடைசித் தீர்ப்புச் சொன்னது. வழக்கம் தொன்றுதொட்டது என்பது நிரூபிக்கப்படவில்லை. குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் சொந்தம். ஒரு கைத் தண்ணீருக்குப் பத்து ஆண்டு வழக்கு. பியூனுக்காகக் காத்திருந்த பையன் அப்போது நாற்பத்தைந்து வயது வக்கீல்.

அந்த வழக்கு நடக்கும்போதே பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் 1928-இல் பேராசிரியரானார், 1935-இல் முதல்வரானார். 1947-இல் அரசியல் சாசன வரைவுக் குழுவின் தலைவர், விடுதலை பெற்ற நாட்டின் முதல் சட்ட அமைச்சர். தீண்டாமையை ஒழித்த 17-ஆவது பிரிவை எல்லோரும் அறிவோம். 1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் இறந்தார்.

நம் பள்ளத்தாக்குக்குச் சட்டம் தெரிந்தவர்கள் எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போன மாஞ்சோலைத் தொழிலாளர்களின் பேரணியில், திருநெல்வேலியில் இதே தாமிரபரணிக்குள் 17 உயிர்கள் போயின. அதன் பிறகு கமிஷன், கோர்ட், இழப்பீடு என்று அந்தக் குடும்பங்கள் அலைந்த அலைச்சலை அருகில் இருந்து பார்த்தவர்கள் இங்கே நிறைய உண்டு.

இனி மாணவர்களுக்கு. சட்டம் படிக்க இங்கிருந்து இரண்டு வழி. 1996-இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி ஒன்று. அதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இடம் ஒதுக்குகிறது. திருச்செந்தூர் ரயிலிலோ பஸ்ஸிலோ ஸ்ரீவைகுண்டத்திலிருந்து போய் வரலாம். இன்னொன்று, திருச்சியில் இருப்பது போன்ற தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். அதற்குத்தான் கிளாட். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். பட்டியலின மாணவருக்கு விண்ணப்பக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் 3,500 ரூபாய். ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. அதைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். இதைக் கேட்டதும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீளமான பத்திகளைப் படித்துப் புரிந்துகொண்டு விடை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கணக்கு, பத்தாம் வகுப்பு அளவில். ஆக, தயாரிப்பு என்பது பெரும்பாலும் வாசிப்புதான். பதினோராம் வகுப்பிலேயே கிளை நூலகத்தில் தினமும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தை அகராதியோடு படிக்க ஆரம்பித்தால், இரண்டு ஆண்டில் அந்தப் பத்திகள் பயமுறுத்தாது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து படித்தால் பழைய வினாத்தாள்களைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அதிகாலையில் எழுப்பிவிடத் தெரியும்.

வேலைக்குப் போய்விட்டு ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ கழித்து எழுதினாலும் தடையில்லை. கிளாட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. வேறு பட்டம் முடித்தவர்கள் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். கிளாட் பெரும்பாலும் டிசம்பரில் நடக்கும். விண்ணப்பம் அதற்குச் சில மாதம் முன்பே திறந்துவிடும். சாதிச் சான்றிதழ் வெள்ளத்தில் போயிருந்தால் இப்போதே தாலுகா அலுவலகத்தில் மறுபிரதிக்கு எழுதிக் கொடுங்கள்.