வடுவூர் துரைசாமி ஐயங்கார்

பாடபுத்தகத்தின் நடுவே நாவலை மறைத்து வைத்து வாசிக்கும் வழக்கம் மாணாக்கர் உலகில் நெடுங்காலமாக உள்ளது. ஆசிரியர் கண்ணுக்கும் பெற்றோர் கண்ணுக்கும் தப்பி அவ்வாறு வாசிக்கப்பெற்றவற்றுள் துப்பறியும் நாவல்கள் சிறப்பிடம் பெற்றவை. அத்தகைய நாவல்களால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டு இளைஞரை உறக்கமின்றி வாசிக்கச் செய்தவருள் ஒருவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். அவர் சரித்திரம் நாம் அறியத்தக்கதொன்றாம்.

இவர் 1880-ஆம் ஆண்டில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த வடுவூரில் பிறந்தார். அவ்வூர் இப்போது திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. ஆங்கிலக் கல்வி கற்றுத் தேர்ந்து, சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்து, தாசில்தாராக விளங்கினார். அந்நாளில் தாசில்தார் என்றால் ஒரு தாலூகாவே எழுந்து நின்று மரியாதை செய்யும். மாதந்தோறும் சம்பளமும் முதுமையில் பென்ஷனும் உறுதி. இவையனைத்தையும் துறந்து, பேனாவையே துணையாகக் கொண்டு பிழைக்கத் துணிந்தார் இவர். தமிழில் எழுதிச் சீவிப்பது அரிதினும் அரிதாயிருந்த காலம் அது. சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்து, மனோரஞ்சனி என்னும் மாதப் பத்திரிகையை நடத்தி, நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார்.

ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் இவர் காலத்தில் இத்துறையில் புகழ் பெற்ற பிறர். ரங்கராஜு கோவிந்தன் என்னும் துப்பறிவோனைப் படைத்தார். துரைசாமி ஐயங்காரோ திகம்பர சாமியாரைப் படைத்தார். மாறுவேடம் பூணுவதிலும், வஞ்சகர் வலையை அவர்மீதே திருப்பி வீசுவதிலும் வல்லவர் இச்சாமியார். கும்பகோணம் வக்கீல் என்னும் நாவலில் சட்டம் கற்ற ஒருவனுடைய சூழ்ச்சிகளை அவர் வெளிப்படுத்தும் திறம் வாசகரைப் பெரிதும் கவர்ந்தது. இந்நாவல்களுட் பல, ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில நாவலாசிரியரைத் தழுவியவை. ஆயினும் அக்கிரகாரமும், கச்சேரியும், தஞ்சைப் பக்கத்துப் பேச்சும் அவற்றில் நிறைந்திருந்தமையால், அந்நிய வாசனை வாசகருக்குத் தோன்றவில்லை.

இவருடைய மேனகா என்னும் நாவல் நம் கொங்குநாட்டோடும் தொடர்புடையது. நாத்தனார் கொடுமையால் வஞ்சிக்கப்பட்டு அயலான் மாளிகையில் அகப்பட்ட பிராமணப் பெண்ணொருத்தியை, அம்மாளிகைக்குரிய முஸ்லிம் மாது நூர்ஜஹான் காத்தருளுவதே அக்கதையின் உயிர்நிலை. எம். கந்தசாமி முதலியார் அதனை நாடகமாக்க, டி. கே. எஸ். சகோதரர் ஊர்தோறும் நடித்தனர். பின்பு திருப்பூர் சண்முகானந்தா டாக்கீஸார் அதனைப் பேசும்படமாக்க முன்வந்தனர். ராஜா சாண்டோ இயக்கிய அப்படம் 1935-இல் வெளிவந்தது. என். எஸ். கிருஷ்ணன் நடித்துத் திரைக்கு வந்த முதற்படமும் அதுவே. புராணக் கதைகளே திரையை ஆண்ட அந்நாளில், ஒரு சமூக நாவலை நம்பிப் பொருளை முதலிட்ட பெருமை பஞ்சுக்கும் கதருக்கும் பின்னர்ப் பனியனுக்கும் பெயர் பெற்ற திருப்பூருக்கு உண்டு.

புகழின் உச்சியிலிருந்தவர் மற்றொரு துணிவான காரியத்திலும் இறங்கினார். பண்டை எகிப்தியரின் பெயர்களும் வழக்கங்களும் நம் நாட்டிலிருந்து சென்றவை என்று நிலைநாட்ட, தி லாங் மிஸ்ஸிங் லிங்க்ஸ் என்னும் பெரிய ஆங்கில நூலொன்றைப் பெரும் உழைப்புடன் எழுதி வெளியிட்டார். பெயர்களின் ஒலியொற்றுமையையே பெரிதும் சான்றாகக் கொண்ட அம்முடிவுகளை அறிஞர் ஏற்கவில்லை. நாவல்கள் ஈட்டித் தந்த பொருளையும் அந்நூல் கரைத்தது. 1942-ஆம் ஆண்டில் அவர் காலமானார். 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் திகம்பர சாமியாரைப் படமாக்கி, எம். என். நம்பியாரை அவ்வேடத்தில் தோன்றச் செய்தபோது, அதனைக் காண ஆசிரியர் இல்லை.

இவ்வாழ்க்கையில் மாணாக்கராகிய நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. துப்பறியும் கதையில் தடயத்தை வைப்பவனும் ஆசிரியனே, அதனைக் கண்டெடுப்பவனும் ஆசிரியனே. ஆதலின் அங்கு ஊகம் ஒருபோதும் பொய்ப்பதில்லை. சரித்திரமோ நம் விருப்பத்திற்கிணங்கத் தடயம் வைப்பதில்லை. கதையில் வெற்றி தந்த அதே கூர்மை, ஆராய்ச்சியில் அவரை வழிதவறச் செய்தது. ஐயம் எழுப்பக் கற்பிப்பது துப்பறியும் நாவலின் நன்மை; நம் ஊகத்தின்மீதே ஐயம் கொள்ளக் கற்பது கலாசாலைக் கல்வியின் நன்மை. முன்னது மட்டும் போதாது.

எனினும் இத்தகைய நாவல்கள் இளைஞர் காலத்தை வீணாக்குவன என்று அக்காலத்துப் பெரியோர் கடிந்துரைத்தது முற்றும் நியாயமென்று தோன்றவில்லை. அடுத்து என்ன நேருமோ என்னும் ஆவலால் ஏடு புரட்டக் கற்ற கை, பின்னர் உயர்ந்த நூல்களையும் புரட்டும். தமிழில் ஒரு புத்தகத்தைத் தொடங்கினால் முடித்தே தீரவேண்டும் என்னும் பழக்கத்தைப் பல்லாயிரவர்க்கு ஊட்டியவர் அவர். தாசில்தார் நாற்காலியில் அமர்ந்தோர் எத்தனையோ பேர். அவர்கள் பெயரை இன்று யார் அறிவார்? அதை விட்டெழுந்தவர் பெயரோ நின்று நிலவுகின்றது.