மைதானத்தின் கயிற்றைக் கடந்தவர்: நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி

கொல்கத்தா மாநகரின் நடுவில், ஹூக்ளி ஆற்றுக்கும் சௌரங்கிச் சாலைக்கும் இடையே பெரும் புல்வெளி ஒன்று பரந்து கிடக்கிறது. அதற்கு மைதான் என்று பெயர். வில்லியம் கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டுகளுக்குத் தடையேதும் இருக்கக் கூடாது என்பதற்காகவே ஆங்கிலேயர் அவ்விடத்தை வெட்டவெளியாக வைத்திருந்தனர். போருக்கென ஒழிக்கப்பட்ட அந்நிலம் காலப்போக்கில் விளையாட்டுக் களமாயிற்று. அங்கு முதலில் ஆடியவர்கள் ஆங்கிலேயப் படைவீரரும் வணிகரும் அலுவலருமே ஆவர். இந்தியர் எல்லைக் கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தனர்.

1877ஆம் ஆண்டில் ஒரு நாள், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் தன் அன்னையுடன் கங்கையில் நீராடுவதற்காகக் குதிரை வண்டியில் சென்றுகொண்டிருந்தான். வழியில் வெள்ளையர் சிலர் பந்தாடுவதைக் கண்டு வண்டியை நிறுத்தச் செய்து இறங்கினான். உருண்டு வந்த பந்து அவன் காலடியில் நின்றது. அவன் அதனைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதன் கனமின்மை அவனுக்கு வியப்பாக இருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர் ஒருவர் காலால் உதைத்தனுப்புமாறு சைகை காட்ட, அவ்வாறே உதைத்தான். இந்தியர் ஒருவர் கால்பந்தை உதைத்த முதல் நிகழ்ச்சி இதுவே என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். அச்சிறுவனே நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி.

குடும்பம்

நாகேந்திர பிரசாத் 1869ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் பிறந்தார். தந்தை சூரியகுமார் சர்வாதிகாரி புகழ்பெற்ற மருத்துவர். பெரியப்பா பிரசன்னகுமார் கல்கத்தா சமற்கிருதக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். உடன்பிறந்தவரான தேவபிரசாத் பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். கல்வியும் செல்வமும் சமூக மதிப்பும் ஒருங்கே பெற்ற குடும்பம் அது.

சர்வாதிகாரி என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழ் மாணவர்க்குத் தன் விருப்பம்போல் நாடாளும் கொடுங்கோலர் நினைவே எழக்கூடும். வங்கத்தில் அது ஒரு குடும்பப்பெயர். முற்காலத்தில் ஆட்சிப் பணியில் பெரும்பொறுப்பு வகித்தோருக்கு வழங்கிய பட்டம் அவ்வாறு நிலைத்தது. வங்காளியர் அதனைச் சர்பாதிகாரி என ஒலிப்பர்.

தவறாக வாங்கிய பந்து

மைதானில் கண்ட காட்சி சிறுவனின் மனத்தை விட்டு அகலவில்லை. கல்லூரித் தெருவில் உள்ள ஹேர் பள்ளியில் அவர் அப்போது பயின்று வந்தார். மறுநாளே வகுப்புத் தோழரிடம் அதனை விவரித்தார். மாணவர் தம்முள் காசு திரட்டினர். ஆங்கிலேயர் கடை ஒன்றுக்குச் சென்று பந்து வாங்கி வந்து, பள்ளித் திடலில் உதைக்கத் தொடங்கினர். ஆட்டத்தின் விதி ஒருவருக்கும் தெரியாது. பந்தோ உதைத்த திசையில் செல்லாமல் தரையில் பட்டதும் கோணலாகத் துள்ளியது.

அது முட்டை வடிவப் பந்து. ரக்பி ஆட்டத்துக்கு உரியது.

அண்டையில் இருந்த பிரசிடென்சி கல்லூரியின் ஆங்கிலேயப் பேராசிரியர் ஸ்டாக் இக்கூத்தைக் கண்டார். சிறுவர் வைத்திருப்பது வேறோர் ஆட்டத்தின் பந்து என்பதை விளக்கினார். பின்னர் உருண்டை வடிவக் கால்பந்து ஒன்றைத் தாமே வாங்கித் தந்து, விதிகளையும் கற்பித்தார். ஆளும் இனத்தவர் ஒருவர் அடிமை நாட்டுச் சிறுவர்க்குத் தம் ஆட்டத்தை மனமுவந்து சொல்லிக் கொடுத்தார் என்பது சிறிய செய்தியன்று. சில நாளில் அச்சிறுவர் பாய்ஸ் கிளப் என்னும் பெயரில் ஓர் அமைப்பை உருவாக்கினர். இந்தியர் தொடங்கிய முதல் கால்பந்துக் கழகம் என்று அதனைக் கூறுவோர் உளர்.

வெள்ளி நாணயக் கோப்பை

கால்பந்து கேட்டுச் சென்ற சிறுவர்க்கு ரக்பிப் பந்து கிடைத்ததில் வியப்பில்லை. அந்நாளில் கல்கத்தாவில் ரக்பி ஆட்டம் நன்கு வேரூன்றியிருந்தது. ரக்பியில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். தன் அணியினருக்குப் பின்புறமாகவே எறிய வேண்டும். பந்துடன் ஓடுபவரை எதிரணியினர் பிடித்து வீழ்த்தலாம். இவ்வாட்டம் 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் நடைபெற்றது. ஒருபுறம் இங்கிலாந்தைச் சேர்ந்தவர்களும், மறுபுறம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நாட்டினரும் அணிக்கு இருபதின்மராக நின்று ஆடினர். அடுத்த மாதமே கல்கத்தா கால்பந்துக் கழகம் தோன்றியது. பெயரில் கால்பந்து இருந்தபோதிலும் அது ஆடியது ரக்பியே.

கழகம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆர்வமுடன் ஆடிய படைப்பிரிவு வேற்றூருக்கு மாற்றப்பட்டது. வங்கத்தின் வெப்பத்தில் ரக்பியைவிட டென்னிசும் போலோவும் ஏற்றவையென எஞ்சியோர் கருதினர். 1878இல் கழகத்தைக் கலைக்க முடிவாயிற்று. வங்கியிலிருந்த பணத்தை அவர்கள் வெள்ளி ரூபாய்களாகவே பெற்று, உருக்கி, ஒரு கோப்பை செய்வித்தனர். ஏறத்தாழ 45 செ.மீ. உயரமுள்ள அக்கோப்பையின் மூன்று கைப்பிடிகளும் படமெடுத்த நாகங்கள். மூடியின்மேல் யானை ஒன்று நிற்கிறது. இந்தியக் கைவினைஞரின் நுண்ணிய வேலைப்பாடு அது. இங்கிலாந்தின் ரக்பிச் சங்கத்துக்கு அக்கோப்பை அன்பளிப்பாகச் சென்றது. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காகப் பொருதுகின்றன. கல்கத்தா கோப்பை என்னும் அதன் பெயர் இன்றும் மாறவில்லை.

வெள்ளையர் கழகம் தன் செல்வத்தைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுக் கலைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், தவறாக வாங்கிய ஒரு பந்தால் பள்ளிச் சிறுவர் கழகம் ஒன்று அதே நகரில் பிறந்திருந்தது.

குயவர் மகன்

நாகேந்திர பிரசாத் வளர வளர அவர் தொடங்கிய கழகங்களும் பெருகின. பிரசிடென்சி கல்லூரியில் பயின்ற நாளிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஃபிரெண்ட்ஸ் கிளப், வெலிங்டன் கிளப் என ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தார். இவற்றுள் வெலிங்டன் கிளப்பில் நிகழ்ந்ததே அவர் வாழ்வின் பெருஞ்சோதனை.

மணி தாஸ் என்னும் இளைஞர் சிறந்த ஆட்டக்காரர். அவரைக் கழகத்தில் சேர்க்க நாகேந்திர பிரசாத் விரும்பினார். மணி தாஸ் ஒரு குயவரின் மகன். உறுப்பினருட் பலர் உயர்குடியினர் எனத் தம்மைக் கருதியவர்கள். குயவர் மகனோடு ஒரே களத்தில் தோள் உரசி ஆடுவது தமக்கு இழுக்கு என்று அவர்கள் எதிர்த்தனர். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அந்நகரத்து மாளிகைகளில் வைத்து வணங்கப்படும் துர்க்கையின் திருவுருவத்தைக் களிமண்ணில் வனைபவர் குமார்டுலியின் குயவர்களே. அவர்கள் வனைந்த உருவத்தை வீட்டில் ஏற்றவர்க்கு அக்குலத்து இளைஞரைக் கழகத்தில் ஏற்க மனம் வரவில்லை.

நாகேந்திர பிரசாத்தின் முன் எளிய வழிகள் சில இருந்தன. ஓர் ஆட்டக்காரர் பொருட்டு நண்பர் பலரைப் பகைக்க வேண்டுமா என்று எண்ணி அமைதி காத்திருக்கலாம். மணி தாஸை வேறு கழகம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். தாம் மட்டும் வெளியேறியிருக்கலாம். இவை எவற்றையும் அவர் செய்யவில்லை. தம் உழைப்பால் வளர்த்த வெலிங்டன் கிளப்பையே கலைத்துவிட்டார். அதன்பின் 1880களில், சோவாபஜார் அரச குடும்பத்தாரின் துணையோடு சோவாபஜார் கிளப்பை நிறுவினார். அதன் முதல் உறுப்பினராகப் பதிவான பெயர் மணி தாஸ் என்பர். அவர் பின்னாளில் மோகன் பகான் அணியிலும் ஆடிப் புகழ்பெற்றார்.

செல்வக் குடியில் பிறந்து, அரச குடும்பத்தில் மணம் செய்துகொண்டவர் நாகேந்திர பிரசாத். குலப்பெருமை பேசுவோரோடு இருப்பதே அவருக்கு ஆதாயம். எனினும் ஆட்டத்துக்கு வேண்டியவை கால்களின் விரைவும் கண்களின் கூர்மையும்தான் என்பதை அவர் ஐயமின்றி அறிந்திருந்தார். வெள்ளையர் தம்மைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தியதைக் கண்டு வளர்ந்தவர், தம்மவர் கட்டிய மற்றொரு கயிற்றைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

ஆள்வோரும் ஆளப்படுவோரும்

ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஆடுகளத்தில் எதிரெதிரே நிற்பது கல்கத்தாவில் மட்டும் நிகழவில்லை. அந்நாளில் ரக்பி ஆட்டம் உலகின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கத் தொடங்கியிருந்தது. 1888இல் பிரித்தானிய வீரர் குழு ஒன்று கப்பலேறித் தென் அரைக்கோளத்தின் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்று ஆடியது. பயணத்துக்கே பல வாரங்கள் பிடித்த காலம் அது. அக்குழுவின் தலைவர் ராபர்ட் செடன் ஆஸ்திரேலியாவில் படகு கவிழ்ந்து ஆற்றில் மூழ்கி இறந்தார்.

அதே ஆண்டில் நியூசிலாந்திலிருந்து ஓர் அணி எதிர்த்திசையில் புறப்பட்டது. அதில் பெரும்பாலோர் அந்நாட்டின் தொல்குடிகளான மாவோரி இனத்தவர். அவர்கள் பிரித்தானியத் தீவுகளில் மட்டும் 74 ஆட்டங்கள் ஆடினர். அயர்லாந்தை வென்றனர். இங்கிலாந்திடம் தோற்றனர். அவர்கள் அணிந்த கருநிறச் சட்டையும் வெள்ளிநிறப் பெரணி இலையும் இன்றும் நியூசிலாந்து அணியின் அடையாளங்களாக உள்ளன. பேரரசு கற்பித்த ஆட்டத்தில் பேரரசையே எதிர்த்து நிற்க இயலும் என்பதை அவர்கள் காட்டினர்.

கல்கத்தாவில் அந்நாள் 1892இல் வந்தது. டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் சோவாபஜார் அணி, கிழக்கு சர்ரே படைப்பிரிவின் அணியை எதிர்கொண்டது. எதிரே நின்றோர் நாளும் உடற்பயிற்சி செய்யும் படைவீரர். சோவாபஜார் அணி 2-1 என்னும் கணக்கில் வென்றது. இந்திய அணி ஒன்று கோப்பைப் போட்டியில் ஆங்கிலேய அணியை வென்ற முதல் நிகழ்ச்சியாக இது கருதப்படுகிறது. குயவர் மகனைச் சேர்த்தால் கழகம் தாழ்ந்துவிடும் என்று அஞ்சியவர்கள் அச்செய்தியை எவ்வாறு ஏற்றனரோ!

மறு ஆண்டு, 1893இல், இந்தியக் கால்பந்துச் சங்கம் கல்கத்தாவில் தோன்றியது. அதனை உருவாக்கும் முயற்சியில் நாகேந்திர பிரசாத்தும் பங்கு கொண்டார். சங்கத்தின் ஆட்சி நெடுங்காலம் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டே சங்கத்தின் கேடயப் போட்டி தொடங்கியது. முதல் போட்டியில் பங்கேற்ற ஒரே இந்தியக் கழகம் சோவாபஜார்.

பின்னாளில்

1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், அதே கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவை 2-1 என வென்றது. பதினொருவருள் பதின்மர் வெறுங்காலோடு ஆடினர். மைதான் மக்கள் வெள்ளத்தில் மூழ்கியது. நாகேந்திர பிரசாத்துக்கு அப்போது 41 வயது. ஹேர் பள்ளித் திடலில் கோணலாகத் துள்ளிய பந்திலிருந்து அந்நாள் வரை 34 ஆண்டுகள் கடந்திருந்தன.

அவர் 1940ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் மறைந்தார். வங்க மக்கள் அவரை இந்தியக் கால்பந்தின் தந்தை எனப் போற்றுகின்றனர். 2021இல் வெளிவந்த கோலோந்தாஜ் என்னும் வங்காளத் திரைப்படம் அவருடைய வாழ்வைக் கூறுவது.

ரக்பியோ வங்கத்தில் கால்பந்தைப் போல் பரவவில்லை. அதனை ஆடிய கழகங்கள் நெடுங்காலம் வெள்ளையர் வட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டன. வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்கும் துன்பம் நேர்ந்தது. 1988இல் ஆட்டம் முடிந்த இரவில் வீரர் சிலர் அதனை எடின்பரோ நகரத் தெருவில் உருட்டி விளையாடியதால் அது நசுங்கிப் போய்ப் பின்னர் செப்பனிடப்பட்டது. 2004இல் ஜங்கிள் குரோஸ் என்னும் கழகம் கொல்கத்தாவில் தோன்றி, எளிய குடும்பத்துச் சிறுவர் சிறுமியர்க்கு ரக்பியைக் கற்பித்து வருகிறது. மைதானின் புல்வெளியில் இப்போது உருண்டைப் பந்தோடு முட்டை வடிவப் பந்தும் துள்ளுகிறது.