தேர்வில் வென்ற உண்மை – கிறிஸ்டியன் டாப்ளர்

காற்றைக் கண்ணாற் காண இயலாது. ஆயினும் அதன் வேகத்தை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அளந்து சொல்லும் கருவி இன்று உண்டு. சென்னையில் 2002ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற டாப்ளர் வானிலை ரேடார் அத்தகையதே. டாப்ளர் என்பது ஒரு மனிதரின் பெயர். பாடநூலில் ஒரு சூத்திரமாக மட்டுமே நாம் அறிந்துள்ள அப்பெருமகனாரின் வாழ்வை இங்கே சுருங்கச் சொல்ல விழைகிறேன்.

கிறிஸ்டியன் டாப்ளர் 1803 நவம்பர் 29 அன்று, இன்றைய ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகக் கல்தச்சுத் தொழில் புரிந்த குடும்பம் அது. மெலிந்த உடலினரான இவருக்கு உளி பிடிக்கும் வலுவில்லை; ஆகவே கல்வியே கதியாயிற்று. வியன்னாவில் கணிதம் பயின்று, பேராசிரியர் ஒருவருக்கு உதவியாளராக இருந்தார். அப்பணி முடிந்ததும் நிலையான வேலை கிட்டவில்லை. நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதிக் காலந்தள்ளினார். மனம் வெறுத்து அமெரிக்கா செல்லத் துணிந்து, உடைமைகளையும் விற்ற வேளையில், 1835இல் பிராக் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணி வந்து சேர்ந்தது. படித்தும் வேலையின்றி வாடுவது நம் காலத்துக்கு மட்டும் உரிய துயரமன்று போலும்!

1841இல் பிராக் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். நூற்றுக்கணக்கான மாணவரைத் தேர்வு செய்யும் சுமை அவருடைய உடல்நலத்தைக் குலைத்தது. அவர் நடத்தும் தேர்வு மிகக் கடுமையானது என மாணவர்கள் முறையிட்டதும் உண்டு.

1842 மே 25 அன்று, பிராக் அறிஞர் கழகத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் முன்னிலையில், தம் புகழ்பெற்ற கட்டுரையைப் படித்தார். அலையை எழுப்பும் பொருள் நம்மை நெருங்கினால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். இதுவே அவர் கண்ட விதி. இவ்விதியைக் கொண்டு இரட்டை விண்மீன்களின் நிறங்களை விளக்க முற்பட்டார். விண்மீன்கள் இயல்பில் வெண்மையானவை என்றும், அவற்றின் ஓட்டமே நிறத்தைத் தருகிறது என்றும் கருதினார். விளக்கம் தவறு. விண்மீனின் நிறம் பெரும்பாலும் அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. ஆனால் விதி சரியானது! தவறான எடுத்துக்காட்டோடு பிறந்த சரியான உண்மை அது.

இவ்வுண்மையைச் சோதிக்க முன்வந்தவர் ஆலந்து நாட்டு இளைஞர் பைஸ் பாலட். டாப்ளரின் கருத்தை அவர் ஐயுற்றார். 1845 பிப்ரவரியில் தொடங்கிய முயற்சி பனியால் தடைப்பட, ஜூன் மாதம் மீண்டும் முனைந்தார். உட்ரெக்ட் நகரையடுத்த இருப்புப்பாதையில் ஓடும் வண்டியில் எக்காளம் ஊதுவோரை அமர்த்தினார். சுருதியறிந்த இசைவாணர்களைப் பாதையோரம் நிறுத்தினார். வண்டி நெருங்கும்போது சுருதி உயர்ந்தது. கடந்து சென்றபோது தாழ்ந்தது. ஒலியைப் பொறுத்தவரை விதி மெய் என்று பைஸ் பாலட் ஒப்புக்கொண்டார். விண்மீன் நிறம் பற்றிய விளக்கத்தை ஏற்க மறுத்தார். இரண்டிலும் அவர் தீர்ப்பு நேரியதே. பின்னாளில் காற்றுக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கூறும் பைஸ் பாலட் விதிக்கு உரியவர் இவரே என்பதை நினைக்க வியப்பாயிருக்கிறது.

1850இல் வியன்னாப் பல்கலைக்கழக இயற்பியல் கழகத்தின் முதல் இயக்குநராக டாப்ளர் உயர்ந்தார். மரபியலின் தந்தை மெண்டல் அங்கு அவரிடம் பயின்றார். ஆனால் 1852இல் பெட்ஸ்வால் என்னும் கணித அறிஞர் டாப்ளரின் விதியையே கடுமையாக எதிர்த்தார். நுரையீரல் நோய் முற்ற, நலம் நாடி வெனிஸ் நகர் சென்ற டாப்ளர், 1853 மார்ச் 17 அன்று, 49ஆம் வயதில் அங்கேயே மறைந்தார். 1868இல் ஹக்கின்ஸ் என்பார் சிரியஸ் விண்மீனின் நிறமாலைக் கோடுகளில் அதே விதியைக் கொண்டு அதன் வேகத்தை அளக்க முற்பட்டதைக் காண அவர் உயிரோடில்லை.

இனி ரேடாருக்கு வருவோம். ரேடார் அனுப்பும் அலை மழைத்துளியிற் பட்டுத் திரும்புகிறது. அலைநீளம் 10 சென்டிமீட்டர், துளியின் வேகம் நொடிக்கு 25 மீட்டர் என்று கொள்வோம். அலையின் 300 கோடி அதிர்வுகளில் மாறுதல் வெறும் 500தான். இத்துணை நுண்ணிய அளவை அப்படியே நம்பலாமா? நொடிக்கு 1000 துடிப்புகள் அனுப்பும் அத்தகைய ரேடார் 25 மீட்டர் வேகம் வரையே ஐயமின்றிக் கூறும். 30 மீட்டர் வேகத்தில் விலகும் காற்றை, 20 மீட்டர் வேகத்தில் நெருங்குவதாகக் காட்டிவிடும். திரைப்படத்தில் வண்டிச்சக்கரம் பின்னோக்கிச் சுழல்வது போன்றதே இம்மயக்கம். அசையாத குன்றும் கட்டடமும் காற்றே இல்லையெனக் காட்டும். பறவைக் கூட்டமோ தன் வேகத்தைக் காற்றின் கணக்கில் சேர்த்துவிடும்.

ஆகவே வானிலையாளர் ஒவ்வோர் எண்ணையும் தேர்வுக்கு உட்படுத்துகின்றனர். அடுத்தடுத்த இடங்களில் வேகம் திடீரெனத் தலைகீழாகிறதா என்று பார்க்கின்றனர். காற்று சீராக வீசினால், ரேடார் ஒரு சுற்றுச் சுற்றி அளந்த வேகங்கள் சைன் வளைகோடாக அமைய வேண்டும். விலகி நிற்கும் புள்ளிகளை ஐயுறுகின்றனர். பலூன் கொண்டு அளந்த காற்றோடும் ஒப்பிடுகின்றனர். இத்தேர்வில் தவறிய எண் புயல் எச்சரிக்கையில் நுழைந்தால், கடலுக்குச் செல்லும் மீனவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

டாப்ளரின் விதியை நிலைநாட்டியது, ஐயுற்றவர் நடத்திய நேர்மையான சோதனையே. பாராட்டியோர் மட்டும் சூழ்ந்திருந்தால், விதியும் அதனோடு ஒட்டிய பிழையும் பிரியாமலே கிடந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன். மாணவ நண்பர்களே, சோதனைக் கூடத்தில் நமக்குக் கிடைக்கும் விடை பாடநூலோடு பொருந்திவிட்டாலும், இன்னொரு வழியில் அதைச் சரிபார்ப்போம். தேர்வு கடுமையானது என்று முறையிட்ட பிராக் மாணவர்கள் அறியாதது ஒன்றுண்டு: அவர்களைவிடக் கடுமையான தேர்வை அவர்களுடைய ஆசிரியரின் விதியே எழுதிக்கொண்டிருந்தது, எழுதி வென்றும் விட்டது.