சுப்பிரமணியன் சந்திரசேகர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் (அக்டோபர் 19, 1910 – ஆகஸ்ட் 21, 1995) விண்மீன்களின் இறுதிநிலையை ஆராய்ந்த தமிழ் வானியற்பியலாளர் ஆவார். 1983 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசை வில்லியம் ஃபௌலருடன் பகிர்ந்துகொண்டார். சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா.

வாழ்க்கை

லாகூரில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1930 இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில், எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண் குறுமீனாக நிலைத்திருப்பதற்கு நிறை எல்லை ஒன்று உண்டு எனக் கணித்தார். அவ்வெல்லையின் இன்றைய மதிப்பு சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு ஆகும். அதனை மீறும் எச்சம் தன் ஈர்ப்புவிசையைத் தாங்க இயலாமல் மேலும் சுருங்கும்.

எதிர்ப்பு

1935 சனவரியில் இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் இவர் இம்முடிவை விளக்கியவுடன், புகழ்பெற்ற வானியலாளர் ஆர்தர் எடிங்டன் அதனை வெளிப்படையாக மறுத்தார். மறுப்பு தவறென அறிந்த இயற்பியலாளர்களும் பொதுவில் இவருக்குத் துணைநிற்கவில்லை. சந்திரசேகர் தம் முடிவைக் கைவிடவில்லை. எடிங்டனுடனான நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1937 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1939 இல் விண்மீன்களின் கட்டமைப்புப் பற்றிய நூலை வெளியிட்டபின் வேறு ஆய்வுகளுக்குச் சென்றார்.

நினைவு

பிற்காலத்தில் நியூட்ரான் விண்மீன்களும் கருந்துளைகளும் கண்டறியப்பட்டன. இவர் கணித்த எல்லை சந்திரசேகர் எல்லை எனப்படுகிறது. 1999 சூலை 23 இல் நாசா ஏவிய எக்சு-கதிர் விண்வெளித் தொலைநோக்கிக்கு இவர் நினைவாகச் சந்திரா எனப் பெயரிடப்பட்டது. வெடித்த விண்மீன்களின் எச்சங்களையும், விண்மீன் பேரடைகளின் நடுவிலுள்ள கருந்துளைகளின் சுற்றுப்புறத்தையும் அத்தொலைநோக்கி ஆராய்ந்துள்ளது.