நடந்தே நாடு கண்ட சிவா

தருமபுரியிலிருந்து வடமேற்கே பாப்பாரப்பட்டி நோக்கிச் செல்லும் வழி சமநிலத்து வழியன்று. செம்மண் மேடுகளின்மேல் ஏறியும் ஓடைகளில் இறங்கியும் வளைந்து செல்வது அது. இருமருங்கும் கேழ்வரகுக் கொல்லைகளும் நிலக்கடலை விளையும் புன்செய்களும் மாந்தோப்புகளும் காணப்படும். இடையிடையே முதிர்ந்த புளியமரங்கள் நிழல் பரப்பி நிற்கும். மேற்கே தொலைவில் மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றும். அதற்கப்பால் காவிரி ஒகேனக்கல்லில் பாறைகளினின்று இரைந்து வீழ்கின்றது. இன்று மிதிவண்டியில் செல்லும் இளைஞர் இம்மேடு பள்ளங்களை விளையாட்டாகவே கருதுவர். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது காற்று முகத்தில் வந்து மோதும். களைப்புத் தீர ஒரு மரத்தடி போதும். ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்னர் இந்நிலத்தின் வழியே, புண்பட்ட உடலும் கையில் ஊன்றுகோலுமாக ஒருவர் வந்தார். அவர் நடந்தது உடற்பயிற்சிக்காகவும் அன்று. ஊர் காணும் விருப்பத்தினாலும் அன்று. புகைவண்டியில் ஏறும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவரே சுப்பிரமணிய சிவா ஆவார்.

சிவா பிறந்தது மற்றொரு மலையின் அடிவாரத்தில். கொடைக்கானல் மலைக்குச் செல்லும் வழியில் உள்ள வத்தலக்குண்டு என்னும் ஊரில், 1884ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், இராஜம் ஐயர், நாகம்மாள் என்பார்க்கு மகனாக அவர் தோன்றினார். குடும்பம் வறுமையுற்றது. மதுரையில் சில காலம் பயின்றபின், படிப்பைத் தொடரும் பொருட்டுத் திருவனந்தபுரம் சென்றார். அங்கே சமஸ்தானத்துச் சத்திரத்தில் இலவசமாக உணவு கிடைத்தமையால் கல்வி ஓரளவு நடந்தது. சிவகாசியில் காவல்துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தும் அது நிலைக்கவில்லை. பிறருக்கு அடங்கி ஒரு மேசையின்முன் அமர்ந்திருத்தல் அவர் இயல்புக்கு ஒவ்வாத செயலாகும்.

1906ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் அவர் தரும பரிபாலன சமாஜம் என்னும் சங்கத்தை நிறுவினார். இளைஞரைக் கூட்டி நாட்டுரிமை பற்றிப் பேசலானார். பேச்சில் அனல் பறந்தது. திருவிதாங்கூர் அரசு அவரைத் தன் எல்லையை விட்டு வெளியேறும்படி ஆணையிட்டது. ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர் பெரும்பாலும் ஒளிந்து வாழ இடம் தேடுவர். சிவாவோ தாம் சென்ற ஊர்தோறும் நின்று, கூடிய மக்களிடம் பேசிவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். பணமும் இல்லை, பரிந்துரைக் கடிதமும் இல்லை. அவ்வாறு சென்ற வழி அவரைத் தூத்துக்குடியில் கொண்டு சேர்த்தது.

தூத்துக்குடியில் அப்போது வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் ஓட்டி ஆங்கிலக் கம்பெனியோடு போட்டியிட்டுக் கொண்டிருந்தார். சிவாவின் நாவன்மையைக் கண்ட சிதம்பரனார் அவரைத் தம்மோடு இருத்திக்கொண்டார். 1908ஆம் ஆண்டு தொடக்கத்தில் இருவரும் கடற்கரையில் நாள்தோறும் மக்களிடையே பேசினர். அவ்வூரில் கோரல் நூற்பாலையில் உழைத்த தொழிலாளர் மிகக் குறைந்த கூலி பெற்றனர். வார விடுமுறையும் அவர்களுக்கு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊரார் உணவளித்துத் துணைநின்றனர். சில நாள்களில் ஆலை முதலாளிகள் இணங்கினர். கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இவ்வெற்றி முதன்மையான ஒன்றாகும்.

அரசாங்கம் இதனைப் பொறுக்கவில்லை. மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். வழக்கு மன்றத்தில் சிவா தம்மைத் துறவி என்றே சொல்லிக் கொண்டார். உயிருக்கு விடுதலை எய்தும் நெறியை உரைப்பது துறவியின் கடமை என்றும், நாட்டுக்கு விடுதலையாவது அயலாரின் ஆட்சியினின்று நீங்குதலே என்றும் அவர் எடுத்துரைத்தார். இவ்விளக்கம் நீதிபதிக்கு உவப்பாயிருந்திருக்க வழியில்லை. 1908 ஜூலை 7ஆம் நாள் சிவாவுக்குப் 10 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. சிவாவுக்கு உணவும் இடமும் அளித்த குற்றத்தையும் சேர்த்துச் சிதம்பரனாருக்கு இரட்டை வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. சிவா சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்ச் சிறைகளில் கடுங்காவலில் கிடந்தார்.

சிறையில் ஆட்டு மயிரைச் சுத்தம் செய்து கம்பளிக்குப் பக்குவப்படுத்தும் வேலை அவருக்குத் தரப்பட்டது. சுண்ணாம்பும் அழுக்கும் கலந்த வேலை அது. அங்கேதான் தொழுநோய் அவரைப் பற்றியது. கம்பளி வேலையே நோயைத் தந்தது எனப் பலரும் நெடுங்காலம் நம்பினர். உண்மையில் அந்நோய் ஒருவகை நுண்ணுயிரால் வருவது. அந்நுண்ணுயிரை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். ஆயினும் நெருக்கடியும் பட்டினியும் மிக்க சிறைவாழ்வு நோய்க்கு இடங்கொடுக்கும் என்பதில் ஐயமில்லை. இன்று அந்நோயைச் சில மாதங்கள் மருந்துண்டு முற்றும் தீர்த்துக்கொள்ளலாம். சிவா காலத்தில் அதற்கு மருந்து இல்லை.

1912ஆம் ஆண்டு நவம்பரில் விடுதலை பெற்று வெளிவந்தபோது அவருக்கு வயது 28. சென்னைக்குச் சென்று, மறு ஆண்டில் ஞானபாநு என்னும் திங்களிதழைத் தொடங்கினார். பாரதியாரும் சிதம்பரனாரும் அதில் எழுதினர். பின்னர்ப் பிரபஞ்ச மித்திரன் என்னும் இதழையும் நடத்தினார். இராமானுஜ விஜயம் முதலிய நூல்களும் நாடகங்களும் அவர் கையினின்று வந்தன. 1915ஆம் ஆண்டு அவர் மனைவி மீனாட்சி அம்மையார் காலமானார். இல்லறத்தில் அவரைப் பிணித்திருந்த கட்டு அத்துடன் நீங்கியது. சில ஆண்டுகளில் காவியுடை அணிந்து சுதந்திரானந்தர் என்னும் துறவுப் பெயர் பூண்டார்.

இதனிடையே நோய் வளர்ந்தது. தொழுநோயாளர் புகைவண்டியில் செல்லலாகாது என்னும் தடையை அரசாங்கம் அவர்மீது செலுத்தியது. நோய் பிறரைத் தொற்றாமல் காப்பதே தடையின் நோக்கம் என்று சொல்லப்பட்டது. ஊர் ஊராகச் சென்று பேசும் ஒருவருடைய வாயை இதனால் அடைத்துவிடலாம் என்னும் எண்ணமும் அதில் கலந்திருந்ததாக மக்கள் கருதினர். அக்காலத்தில் பெருவழிகளில் மோட்டார் வண்டி அரிது. புகைவண்டி இல்லையேல் மாட்டு வண்டி. மாட்டு வண்டியும் கிடையாத இடத்தில் கால்கள். நோயுற்ற கால்களுக்கோ ஒரு காதமும் ஒன்பது காதம் ஆகும். கால்விரல்களில் உணர்வு குன்றியவருக்குக் கல் குத்தியதும் தெரியாது. முள் தைத்ததும் தெரியாது. காயம் புண்ணாகிச் சீழ் வைத்தபின்னரே கண் அதனைக் காணும். இந்நிலையில் உள்ளவரை மருத்துவர் முதலில் தடுப்பது நடையைத்தான். சிவாவோ புண்களைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்தார்.

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு அந்நாளில் சிறிய இருப்புப்பாதை ஒன்று இருந்தது. புகைவண்டி கூவிச் செல்லும் ஓசை கொல்லைகளைக் கடந்து சாலைவரை கேட்கும். மாட்டு வண்டியில் அமர்ந்து அவ்வோசையைக் கேட்டவருடைய உள்ளம் என்ன எண்ணியிருக்கும் என்பதை மாணவர் தாமே உணரலாம்.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921ஆம் ஆண்டு அவர் மீண்டும் சிறைப்பட்டார். நோய் முற்றியமையால் அடுத்த ஆண்டிலேயே விடுவிக்கப்பட்டார். அப்போது அவர் நெஞ்சில் ஓர் எண்ணம் நிறைந்திருந்தது. பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும். அதில் சாதி வேறுபாடும் சமய வேறுபாடும் இன்றி எவரும் நுழைந்து வழிபட வேண்டும். தாழ்த்தப்பட்டோர் கோயில் வாயிலை நெருங்கவும் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நிகழ்ந்தது 1939ஆம் ஆண்டில்தான். சிவாவின் எண்ணம் எத்துணை முற்பட்டது என்பது இதனால் விளங்கும்.

கோயிலுக்கு அவர் தேர்ந்தது சென்னையும் அன்று, மதுரையும் அன்று. அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூராகிய பாப்பாரப்பட்டியையே தேர்ந்தார். (தருமபுரி தனி மாவட்டமானது 1965ஆம் ஆண்டில்.) அவ்வூர் அன்பர்களின் துணையால் நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் எனப் பெயரிட்டார். வங்கத்துத் தலைவர் சித்தரஞ்சன் தாசர் அங்கு வந்து, 1923 ஜூன் 23ஆம் நாள் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். இந்திய நாடெங்கும் புகழ்பெற்ற வழக்கறிஞர் ஒருவர் அம்மேட்டுநிலத்துச் சிற்றூருக்கு வந்தது அப்பகுதி மக்களுக்குப் பெருவியப்பாய் இருந்திருக்கும்.

அடிக்கல் நாட்டுவது ஒரு நாள் வேலை. கோயில் எழுப்பப் பொருள் வேண்டும். அப்பொருளை நாடிச் சிவா மறுபடியும் சாலைகளில் இறங்கினார். ஊர்தோறும் சொற்பொழிவாற்றினார், நாடகங்கள் நடத்தினார். மதுரையிலிருந்து திண்டுக்கல், நாமக்கல், சேலம் வழியாகப் பாப்பாரப்பட்டிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஆகும். மாட்டு வண்டி நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் சென்றாலும் 10 நாள் வேண்டும். சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் ஏற்றம் உண்டு. அங்கே மாடுகளும் நின்று நின்றே ஏறும். இரவில் சத்திரத்தில் இடங்கேட்டால் நோயைக் கண்டு அஞ்சுவோர் பலர். அஞ்சாது அருகில் வந்து உணவளித்தவரும் சிலர் இருந்தனர். அத்தகையோர் இல்லாவிடின் அவர் அத்துணை ஊர்களுக்குச் சென்றிருத்தல் இயலாது.

பொருள் போதிய அளவு சேரவில்லை. 1925ஆம் ஆண்டு கோடையின் முடிவில் மதுரையில் இருந்த சிவாவுக்கு உடல் மிகத் தளர்ந்தது. தம் இறுதிநாள் அண்மியதை உணர்ந்தவர்போல், பாரதபுரம் செல்லவேண்டும் என்று பிடிவாதமாகப் புறப்பட்டார். பாப்பாரப்பட்டியை அடைந்தார். அதன்பின் நெடுநாள் இருக்கவில்லை. 1925 ஜூலை 23ஆம் நாள், 41 வயது நிறைவதற்கு முன்னரே, கட்டி முடியாத கோயிலின் நிலத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவரை அங்கேயே அடக்கம் செய்தனர்.

அவர் கருதிய கோயில் நெடுங்காலம் எழவில்லை. நினைவு மண்டபம் பின்னர் அமைந்தது. பாரத மாதாவுக்கு உரிய நினைவாலயம் தமிழ்நாட்டு அரசால் கட்டப்பெற்று 2021ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டிய நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே 98 ஆண்டுகள் சென்றிருந்தன. இன்று தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டிக்குப் பேருந்துகள் செல்கின்றன. மிதிவண்டியில் செல்வோரும் உளர். நினைவிடத்தின் வாயில் சாலையிலிருந்து செல்வோர் அனைவருக்கும் திறந்திருக்கின்றது.